மாமா சொன்ன ‘இது அது இல்லடா’

கேள்வி இதுதான்: வலங்கைமானில் மாமா வீட்டுப் பரணை ஒழித்தபோது பழைய டிவி கேம் பெட்டி ஒன்று கிடைத்தது. கூடவே இரண்டு கேசட், ஒரு ரிமோட், ஒரு துப்பாக்கி. மாமா ஆசையாகப் பார்த்தாரே என்று போனில் பழைய கேம்களை ஓடவைக்கும் எமுலேட்டர் என்ற ஆப்பைப் போட்டு மரியோவைக் கொடுத்தால், இரண்டு நிமிஷம் ஆடிவிட்டு “இது அது இல்லடா” என்று வைத்துவிட்டாராம். அதே கேம்தானே, இது வெறும் பழைய ஞாபகமா, பெட்டியை ஓடவைக்க முடியுமா என்று கேட்கிறார் ஒரு தம்பி.

தம்பி, மாமா பக்கம்தான் நியாயம். நீங்கள் போனில் காட்டியது அவர் ஆடிய மரியோ இல்லை. அவர் வயசுக்காரன் என்பதால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், கணக்குப் போட்டே காட்டுகிறேன். 92 மகாமகத்துக்கு அடுத்த வருஷம், பத்தாவது முடித்த கையோடு கும்பகோணத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவன் நான். கடைக்காரப் பெரியவர் டிவியைப் பார்ப்பார். டிவி கேம் வந்தால் “பொடிப்பயல் சாமான், நீயே பாரு” என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அப்படிக் கையில் வந்ததுதான் இந்த விஷயமெல்லாம்.

நிண்டெண்டோ இதை ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற பெயரில் ஜப்பானில் விற்க ஆரம்பித்தது 1983 ஜூலை 15. சுருக்கமாக ஃபேமிகாம். மசயுகி உவெமுரா என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1985-ல் வேறு சட்டை போட்டுக்கொண்டு அமெரிக்கா போனது. உங்கள் பரணில் இருப்பது அநேகமாக அந்த இரண்டும் இல்லை. தைவானில் யூஎம்சி போன்ற கம்பெனிகள் அந்த சிப்பைப் பார்த்து அதே மாதிரி செய்தன. அதை வைத்து ஊர் பேர் தெரியாத ஆட்களெல்லாம் பெட்டி போட்டார்கள். லிட்டில் மாஸ்டர், மீடியா என்று மேலே ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. டிவி கேம், அவ்வளவுதான். உள்ளே சொருகுவது கேசட். கையில் பிடிப்பது ரிமோட், கொஞ்சம் விவரமான பையனாக இருந்தால் ஜாய்ஸ்டிக். குச்சியே இல்லாத சாமானுக்கு ஜாய்ஸ்டிக் என்று எப்படிப் பெயர் வந்ததோ!

டெல்டாவுக்கு இது வர இன்னொரு வழியும் இருந்தது. கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாடு போய் வருகிறவர்கள், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும்போது சென்ட் பாட்டில், கோடாலித் தைலத்தோடு இதையும் கொண்டுவருவார்கள். எங்கள் கடைக்கு முதலில் வந்த பெட்டி அப்படிக் கூத்தாநல்லூர் வீட்டிலிருந்து வந்ததுதான். வேட்டித்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார் அந்த வீட்டுக்காரர், ஏதோ நகை மாதிரி.

உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே நாற்பது கால் வைத்த நீளமான சிப் இரண்டு இருந்து அதில் யூஎம்சி என்று போட்டிருந்தால் 90-களின் தொடக்கத்துச் சாமான். சிப் எதுவும் கண்ணில் படாமல், நடுவில் தார் சொட்டி உறைந்த மாதிரி ஒரு கறுப்பு வட்டம் மட்டும் இருந்தால் கொஞ்சம் பின்னால் வந்தது. இரண்டு சிப் பார்த்த வேலையை ஒரே சில்லில் அடக்கி எபாக்சிப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அந்தச் சொட்டு கெட்டிருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். வேறு எது கெட்டிருந்தாலும் பார்த்துவிடலாம்.

இப்போது கணக்கு. ஜப்பான், அமெரிக்கா டிவியில் ஒரு செகண்டுக்கு 60 படம் ஓடும். நம் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, செகண்டுக்கு 50. அந்தக் காலத்துக் கேமுக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. ஒரு படம் முடிந்தால் ஒரு அடி நகர், அடுத்த படம் முடிந்தால் அடுத்த அடி என்றுதான் எழுதியிருப்பார்கள். நம் ஊருக்கு வந்த பெட்டிகள் பெரும்பாலும் 50-க்குச் செய்தவை. கேசட்டுக்குள் இருந்ததோ 60-க்கு எழுதிய ஜப்பான் கேமின் காப்பி. ஆக எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது.

மரியோ முதல் ஸ்டேஜில் மேலே டைம் 400 என்று இருக்கும் இல்லையா, அது செகண்ட் இல்லை. 24 படத்துக்கு ஒரு எண் குறையும். 400-ஐ 24-ஆல் பெருக்கினால் 9600 படம். அறுபதில் ஓடினால் 160 செகண்ட், ஐம்பதில் ஓடினால் 192. ஜப்பான் பையனுக்குக் கிடைக்காத 32 செகண்ட் வலங்கைமானில் உங்கள் மாமாவுக்குக் கிடைத்தது. பள்ளத்துக்கு முன்னால் எந்த இடத்தில் எம்ப வேண்டும், ஆமை எவ்வளவு கிட்டே வந்ததும் மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வேகத்தில்தான் அவர் கட்டைவிரலில் பதிந்திருக்கிறது. நீங்கள் கொடுத்த எமுலேட்டர் 60-ல் ஓடியிருக்கும். அவர் கை முப்பது வருஷப் பழக்கத்தில் எம்பியிருக்கும், மரியோ அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பான். சரியா என்று கேட்டுப் பாருங்கள்.

பாட்டிலும் அதே கதை. வேகம் குறைந்ததால் தாளம் மெதுவாகும். ஆனால் சிப்பின் ஓட்டம் ஏறக்குறைய பழையபடியே இருந்ததால் சுருதி இறங்காது. இதற்கு மேல் ஒன்று: சில காப்பி சிப்களில், ஒலி அலை எவ்வளவு அகலம் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் இரண்டு அளவுகள் தலைகீழாக மாறியிருக்கும். சுரம் அதேதான், குரல் வேறு. ஒரே நாதஸ்வரத்தில் சீவாளியை மாற்றி ஊதின மாதிரி. நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை பக்கத்து ஆளிடம் இதைச் சொன்னால் மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். உங்கள் மாமா காதில் இருக்கும் மரியோ பாட்டு அந்தக் குரலில் இருக்கிறது.

ஆனால் மாமா போனை வைத்துவிட்டதற்குப் பெரிய காரணம் ரிமோட் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கூட்டல் குறி பட்டன் இருக்கிறதே, அதைக் கொண்டுவந்தவர் நிண்டெண்டோவில் இருந்த குன்பெய் யோகோய். 1982-ல் வந்த டாங்கி காங் கைக்கேமில் முதலில் போட்டார். பார்க்க நாலு பட்டன் மாதிரி இருந்தாலும் ஒரே துண்டு. நடுவில் ஒரு சின்ன முளைமேல் உட்கார்ந்து சாயும். இடது பக்கம் அழுத்தினால் வலது பக்கம் தானாகத் தூக்கிக்கொள்ளும். கண்ணை டிவியில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் மட்டும் திசை கண்டுபிடிக்கும், குனிந்து பார்க்கவே வேண்டாம். வலது கையில் பி இடப்பக்கம், ஏ வலப்பக்கம். மரியோ ஓட பி-யை விடாமல் அழுத்த வேண்டும், எம்ப ஏ. இரண்டு விரல் வைத்து ஆடுகிறவன் புதுசு. பழகினவன் கட்டைவிரல் நுனியை பி-யில் வைத்துக்கொண்டு, அதே விரலின் கணுவைச் சாய்த்து ஏ-யை அழுத்துவான். ஒரு விரலில் இரண்டு வேலை. கண்ணாடித் திரையில் இதைச் செய்து பாருங்கள், முடியாது. விரலுக்குக் கீழே விளிம்பு வேண்டும்.

உள்ளே இன்னும் அழகு. எட்டு பட்டன் இருக்கிறது, ஆனால் எட்டு ஒயர் போகாது. ரிமோட்டுக்குப் போவது ஐந்தே ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், மற்ற மூன்றும் சேதி போக. நம் வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒயரில் பெட்டி சைகை கொடுத்ததும் அந்த நொடியில் எந்தெந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது என்று மொத்தமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொரு ஒயரில் ஒவ்வொரு தட்டாகத் தட்டத் தட்ட, மிச்சமிருக்கும் ஒயர் வழியாக ஒவ்வொரு பட்டனின் நிலவரமும் வரிசையாக வரும். முதலில் ஏ, அப்புறம் பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. முறை மாறாது. ஒவ்வொரு படத்துக்கும் இந்த முறை ஒருதரம் வந்துவிடும், அதாவது செகண்டுக்கு ஐம்பது தடவை. பின்பக்கம் புடைத்த பழைய குண்டு டிவியும் வருகிற சிக்னலை நிறுத்தி வைக்காது, வரவர வரைந்துவிடும். அழுத்தினால் எம்பினான் என்று மாமா சொல்வது இதைத்தான்.

புது எல்இடி டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகு போட்டுத்தான் காட்டும். பல டிவிகளில் இந்தத் தாமதம் 50 மில்லி செகண்டைத் தாண்டும். நம் கணக்கில் இரண்டரைப் படம். சீரியல் பார்க்கிறவருக்குத் தெரியாது. மரியோ ஆடினவர் கைக்குத் தெரியும்.

ரிமோட் கெடுவதற்கு இரண்டே இடம். ஒன்று, ஒயர் ரிமோட்டுக்குள் நுழையும் கழுத்து. அண்ணன் தம்பி பிடுங்கும்போது அறும். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஒரு ஒயர் போயிருக்கும். ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப ஈயம் வைத்தால் ஆயிற்று. இன்னொன்று பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர். பட்டனுக்குக் கீழே ஒரு ரப்பர் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் மிளகு அளவில் கறுப்பாகக் கார்பன் பொட்டு. அதுதான் போர்டைத் தொட்டு சர்க்யூட்டைச் சேர்க்கும். கான்ட்ரா என்ற சுடும் கேம் ஆடுகிற வீட்டில் பி பொட்டு முதலில் தேயும், விடாமல் சுடுவதால். கேம் வாங்கின வீடுகளில் ‘பி வேலை செய்யல’ என்று வராத வீடே கிடையாது.

பொட்டு தேய்ந்ததற்குக் கடையில் புது ரப்பர் கிடைக்காது. எங்களுக்கு வைத்தியம் சிகரெட் பெட்டி. உள்ளே இருக்கும் ஜிகினாத் தாளைப் பொட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, சைக்கிள் கடை சொல்யூஷன் ஒரு துளி வைத்து, பளபளப்பு கீழே பார்க்கும்படி ஒட்டிவிடுவேன். சொல்யூஷன் அதிகமானால் ஓரத்தில் வழிந்து பட்டன் ஒட்டிக்கொள்ளும். குண்டூசி முனையில் தொட்டு வைக்க வேண்டும். ஆறு மாசம் உழைக்கும். பெரியவர் சிகரெட் பிடிப்பதை அவர் வீட்டம்மா திட்டும்போதெல்லாம் எனக்கு மட்டும் தொழில் கவலை.

இனி மாமா சொல்வதில் நம்பக்கூடாதது. ஊதினால் கேசட் ஓடும் என்பார். நாங்கள் எல்லோரும் ஊதினோம். கேசட்டில் 60 செம்புப் பல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊரில் உப்பு ஜாடியே கசியும், அந்தப் பல் பச்சை பூக்காமல் என்ன செய்யும்? கழற்றி மறுபடி சொருகும்போது உரசலில் அந்தப் பூப்பு கொஞ்சம் விலகும், அதில்தான் ஓடியது. புகழ் ஊதினதற்குப் போனது. உண்மையில் எச்சில் ஈரம் பட்டு அடுத்த மாசம் இன்னும் பச்சையாகும். அமெரிக்கப் பெட்டியில் கள்ளக் கேசட்டைத் தடுக்கும் பூட்டு சிப் ஒன்று உண்டு, தொடர்பு சரியில்லை என்றால் திரை சிமிட்டிக்கொண்டே நிற்கும். நம் பெட்டியில் அது இல்லாததால் எப்படியோ ஓடத் தொடங்கிவிடும். மரியோ இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் கட்டமுமாக ஏதோ ஒன்று ஓடும், பாட்டு மட்டும் ஒழுங்காகக் கேட்கும். அதையும் ஆடியிருக்கிறோம்.

கலர் பற்றியும் ஏதாவது சொல்வார். அவர் வீட்டில் அப்போது கலர் டிவி இருந்ததா என்று அத்தையிடம் தனியாகக் கேளுங்கள். எங்கள் தெருவில் டயனோரா, சாலிடேர் கறுப்பு வெள்ளைதான் அதிகம். டேங்க் கேமில், அதாவது நாம்கோ 1985-ல் போட்ட பேட்டில் சிட்டியில், முதல் ஆள் டேங்க் மஞ்சள், இரண்டாவது ஆள் டேங்க் பச்சை. கறுப்பு வெள்ளையில் இரண்டும் சாம்பல். எது யாருடையது என்று தெரிய ரெண்டு பேரும் ஆளுக்கொரு தரம் அசைத்துப் பார்த்துக்கொள்வோம். கழுகுக்குக் கோட்டை கட்டியிருக்கும் செங்கல்லைத் தப்பித்தவறிச் சுட்டுவிட்டு ‘அது உன் டேங்க்’ என்று சாதிக்கலாம், சாட்சி கிடையாது. கலர் டிவி வந்ததும் இந்த வசதி போனது.

கான்ட்ராவில் குண்டுகள் மறைந்து மறைந்து வருவதை அவர் கேமின் ஸ்டைல் என்றுகூடச் சொல்லலாம். இல்லை. ஒரு கோட்டில் எட்டு உருவத்துக்கு மேல் அந்த சிப்புக்கு வரையத் தெரியாது. ஒன்பதாவது வந்தால் முறை போட்டு ஒளித்துக் காட்டுவார்கள். கேம் கணக்குப் போட இருந்த நினைவகமே 2 கேபி. மரியோ முழுக்க முழுக்க 40 கேபி, உங்கள் வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்தைவிடச் சின்னது. அதனால்தான் மேகமும் புதரும் ஒரே படம், வண்ணம் மட்டும் வேறு.

கான்ட்ராவில் முப்பது லைஃப் வாங்கும் சங்கதியை மட்டும் மாமா மறந்திருக்க மாட்டார். மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட். கோனாமியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ கிரேடியஸ் கேமை 1986-ல் இந்தப் பெட்டிக்கு மாற்றும்போது, தன்னாலேயே ஆடி முடிக்க முடியவில்லை என்று சோதனைக்காக வைத்த குறுக்கு வழி அது. எடுக்காமல் விட்டுவிட்டார், பிறகு அந்தக் கம்பெனி கேம்களில் அது வழக்கமாகிப்போனது. அவர் 2020-ல் காலமானார். எங்களுக்கு இது கும்பகோணத்துக்கு வந்தது ஸ்கூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அம்புக்குறியாக, ஒரு இடத்தில் தப்பாக. அந்தத் தப்போடு ஒரு முழு லீவு போனது.

லீவு என்றால் மே மாசம். அப்போது ஆறு வெறும் மணல், பகலெல்லாம் கிரிக்கெட் அங்கே. ஜூன் 12 மேட்டூரைத் திறந்து தண்ணீர் நம்மிடம் வந்து சேர்ந்தால் மைதானம் போய்விடும், எல்லோரும் டிவி கேம் இருக்கும் வீட்டுக்கு. ஆனால் குறுவைக்கு நாற்று விடப் பம்புசெட் ஓடுகிற நேரமும் அதுதான். வோல்டேஜ் இறங்கி டிவி படம் நாலு பக்கமும் சுருங்கும். ஸ்டெபிலைசர் டிவிக்கு இருக்கும், கேம் அடாப்டரை வேறு பிளக்கில் சொருகியிருப்பார்கள். அடாப்டர் 9 வோல்ட் கொடுத்தால் உள்ளே 7805 என்கிற ரெகுலேட்டர் அதை 5-ஆக்கும். அதற்கு குறைந்தது 7 வேண்டும். அதற்குக் கீழே போனால் கேம் உறையும் அல்லது முதலிலிருந்து ஆரம்பிக்கும். சேமித்து வைக்கும் வசதி எல்லாம் கிடையாது. ‘பெட்டி கெட்டுப்போச்சு’ என்று கடைக்கு வந்தவற்றில் பாதிக்கு நான் செய்த ரிப்பேர், அடாப்டரையும் ஸ்டெபிலைசரில் சொருகுங்கள் என்று சொன்னதுதான். அதற்குக் காசு வாங்கப் பெரியவர் விடவில்லை.

இனி உங்கள் பெட்டி. பழைய அடாப்டரை நேரே சொருகிவிடாதீர்கள். மீட்டர் வைத்து வோல்டேஜையும், முனையில் உள்ளே ப்ளஸ்ஸா மைனஸா என்பதையும் பாருங்கள். ஃபேமிகாம் வழியில் வந்த பல பெட்டிகளில் உள்ளே மைனஸ், இப்போது கடையில் வாங்கும் அடாப்டரில் பெரும்பாலும் உள்ளே ப்ளஸ். மாற்றிச் சொருகினால் நான் மேலே சொன்ன சொட்டு போய்விடலாம். போர்டில் உருளையாக நிற்கும் கெபாசிட்டர் தலை உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள், சில ரூபாய்ச் சாமான். கேசட் பல்லைப் பென்சில் ரப்பரால் மெல்ல அழித்து, ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். ஊத வேண்டாம்.

பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள் ஓட்டை இருந்தால் ஏவி ஒயர் போதும். இல்லையென்றால் ஆண்டெனா ஒயர்தான், டிவியில் பழைய சேனல் தேடுகிற மாதிரி தேட வேண்டும். எல்இடி டிவியில் போட்டால் கேம் மோட் போடுங்கள், தாமதம் குறையும். முடிந்தால் பழைய குண்டு டிவி ஒன்றைத் தேடுங்கள். பழைய சாமான் கடையில் இன்னும் கிடக்கிறது, தூக்க ரெண்டு பேர் வேண்டும்.

துப்பாக்கிக்குக் குண்டு டிவி இல்லாமல் வழியே இல்லை. அது டிவியை நோக்கி எதையும் அனுப்புவதில்லை, டிவியைப் பார்க்கிறது. வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று துப்பாக்கிக் கண்ணுக்குத் தெரிந்தால் வாத்து விழும். டியூப்லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்த்தோம், இருட்டாக இருக்க வேண்டிய கணத்திலும் வெளிச்சம் தெரிந்ததால் செல்லவில்லை. தாமதமாகக் காட்டும் எல்இடியில் அந்தக் கணமே தவறிவிடும்.

இதெல்லாம் ஆகிற வரைக்கும் போனிலேயே ஒன்று செய்யலாம். நல்ல எமுலேட்டர்களில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி என்று இருக்கும். ரஷ்யாவில் விற்ற இதே மாதிரிக் காப்பிப் பெட்டியின் பெயர் அது, நம் பெட்டியும் அந்த வேகம்தான். அதைப் போட்டு, ஒயர் வைத்த ஒரு யுஎஸ்பி ரிமோட்டைச் சேர்த்து, ஒன்றும் சொல்லாமல் மாமா கையில் கொடுங்கள். முதல் பள்ளத்தைத் தாண்டுகிறாரா பாருங்கள்.

பரணில் கிடைத்த ரிமோட் ஒயரில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி மடித்திருந்தால் முதல் வேலையாக அதை வெட்டி எடுங்கள். மடிந்த இடத்தில் ஒரு ஒயராவது அறுந்திருக்கும். அது பட்டன் நிலவரம் வரும் டேட்டா ஒயராக இருந்தால் எட்டு பட்டனும் வேலை செய்யாது, ரிமோட்டே செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடுவீர்கள்.